ஓடைத் தண்ணீரில் கோலமாவு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எழுத்து கொஞ்சம்தான் வரும், காது நன்றாகவே கேட்கும். அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் ஊர் இந்தியக் கடையில் பில் போட வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் தன் அம்மாவிடம் சொன்னாள்:

"அம்மா, காட்டு ஓடைத் தண்ணில உன் கோலமாவு இருக்கு."

"நான் எந்தக் காட்டுலடி கோலம் போட்டேன்? நம்ம வாசல்லதான போட்டேன்."

"அந்த வாசல்லதான் ஓடைத் தண்ணி பிடிக்கற சாம்பிள் பாட்டிலக் கழுவிக் காய வெச்சேன். ஓடைல இருக்கற கால்சியம் பாறைலேர்ந்து வருதா, மழைலேர்ந்து வருதான்னு கண்டுபிடிக்கறதுதான் என் பிஎச்டி. ரெண்டுலயும் சேராம ஒண்ணு வருதேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன்."

"அரிசி மாவு தண்ணியக் கெடுக்குமா?"

"இது அரிசி இல்லம்மா, கல்லுமாவு. இதுலயும் கால்சியம்தான். பாக்கெட்டப் பாரு."

அம்மா கூடையில் இருந்த கோலமாவுப் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "அப்போ உன் படிப்பு என்னால போச்சா?"

மகள் அதைத் திரும்பக் கூடையில் போட்டாள். "இது வேணும். மெஷின்ல போட்டு, கலந்தது இதுதான்னு காட்டினாத்தான் ப்ரொஃபசர் நம்புவார். மறுபடி தண்ணி எடுக்க விடுவார்."

"அவர்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"எங்கம்மா கோலம் போட்டாங்கன்னு."

"புள்ளிக் கோலம்னு சொல்லு. கிறுக்கல்னு நினைச்சுக்கப் போறார்."

வீட்டுக்கு வந்தும் எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் கரைந்த மாவு எங்கிருந்து வந்தது என்று மெஷின் எப்படிச் சொல்லும்? பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒரு தரம் வாசித்துக் காட்டு. நீ வாசித்தாலாவது விளங்குகிறதா பார்க்கிறேன்.