எதுல எண்பது?

அந்த ஜன்னல வேகமாத் திறக்காதீங்க சார், கொக்கி கையோட வந்துடும். புகார் கொடுத்தா ஆள் வரும், பாக்கும், போகும். அவ்வளவுதான் இந்த குவார்ட்டர்ஸ். நீங்க உக்காருங்க. எனக்குத்தான் உக்கார முடியல. ஒரு பெட்டியக் கட்டுறேன், எதையோ விட்டுட்டோம்னு திரும்பப் பிரிக்கிறேன். எங்க வீட்டுக்காரரு முன்னாடியே புது ஊருக்குப் போயிட்டாரு. அங்க பழைய ஃபைலுக்கெல்லாம் காவல். நீங்க அவரு சீட்டுக்குத்தானே வர்றீங்க? எண்ணெய்க் கம்பெனிங்களோட அரசாங்கப் பங்கு பேசுற சீட்டு. அப்ப வீடும் உங்களுக்குத்தான்.

வாங்க, சமையல்கட்டப் பாருங்க. மோட்டார் போட்டா நிறுத்த மறந்துடாதீங்க, மாடி வீட்டம்மா கத்துவாங்க.

கடலுக்கடியில எண்ணெய் கிடைச்சுதுல்ல, அந்த ஒப்பந்தமே எனக்கு இங்கதான் புரிஞ்சுது. ஒருநாள் கம்பெனிக்காரரு சாப்பிட வந்திருந்தாரு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. அரசாங்கத்துக்கு நூத்துக்கு எண்பது, எங்களுக்கு இருபதுதான், இதுக்கு மேல கேட்டா நாங்க சும்மா தோண்டிக் கொடுத்துட்டுப் போகணும்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அவரு கிளம்பினதும் இவர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். எண்பது கொடுக்குறாங்க, வாங்கிட்டுப் போகாம ஏன் முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்கன்னு.

என்ன கேட்டீங்க? கம்பெனி ஆளு எப்படி வீட்டுக்கே சாப்பிட வந்தாருன்னா? சொல்றேன், சொல்றேன். முதல்ல இந்த அலமாரியப் பாருங்க, கீழ் தட்டுல ஈரம் ஏறும், அரிசி வச்சுடாதீங்க.

எங்க வீட்டுக்காரரு மேஜைல இருந்த ஜூஸ் ஜாடிய எடுத்தாரு. இது பூரா எண்ணெய்னு வச்சுக்கோ, நான் கம்பெனின்னாரு. பழம் வாங்குன செலவு எனக்கு, ஒரு டம்ளர் ஊத்துனாரு. பிழிஞ்ச கூலி, இன்னொண்ணு. பழக்கடைக்கு ஃப்ளைட்டுல போனேன், அதுக்கு ஒண்ணு. எந்தப் பழம் நல்லதுன்னு சொல்ல ஒரு நிபுணரக் கூட்டிட்டு வந்தேன், அவரும் என் ஆளுதான், அவருக்கு ஒண்ணு. இப்ப மிச்சத்துல எண்பது உனக்குன்னு ஜாடியக் கவுத்தாரு. என்னத்த வரும்? ரெண்டு சொட்டு வந்துச்சு. எதுல எண்பதுன்னு கேக்கவேண்டாமாடின்னு சொல்லிட்டு அத்தனை டம்ளரையும் அவரே குடிச்சாரு. அன்னிக்கு வயித்து வலி வேற.

சிரிக்காதீங்க சார். இல்ல, சிரிங்க, நானும் அப்ப சிரிச்சேன்.

இவரு ஒப்பந்தத்துல சேக்கச் சொன்னது ஒரே ஒரு வரி. எந்த வருஷமானாலும் எடுத்த எண்ணெயில பாதிக்கு மேல செலவுன்னு சொல்லிக் கம்பெனி எடுத்துக்கக் கூடாது. அந்தப் பக்கம் மத்த எல்லாத்துக்கும் தலையாட்டுனாங்க, இந்த வரிக்கு மட்டும் முடியாதுன்னுட்டாங்க. அதுலயே தெரியல? ஆனா மேல இருக்கறவங்களுக்கு எண்பதுன்னா மேடையில சொல்ல எடுப்பா இருக்கும்ல. போடுய்யா கையெழுத்தன்னாங்க. இவரு போடல. மெடிக்கல் லீவு போட்டுட்டுப் போயிடுங்க, வேற ஆளு போட்டுக்கட்டும்னு நான்கூட அழுதேன். இல்ல, நான் சீட்டுல இருக்கற வரைக்கும் அந்த வரி இல்லாம போடமாட்டேன்னாரு. சரி, சீட்டுல இல்லாமப் பண்ணிட்டாங்க.

அந்தப் பேப்பர் இன்னும் அப்படியேதான் கிடக்கு. நாளைக்கு நீங்க போய் உக்காந்ததும் உங்ககிட்டதான் வரும். இவரு, புதுசா வர்றவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத, அவரு படிச்சு அவரே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்கு வாய் நிக்கல.

அப்புறம் அந்தக் கம்பெனிக்காரரு இங்க வருவாரு. கண்டிப்பா வருவாரு. உங்க பசங்களோட உக்காந்து விளையாடுவாரு, உங்க மிஸஸ் சமையலப் புகழுவாரு. அவ்வளவும் நடிப்புன்னு நினைக்காதீங்க, நிஜமாவே நல்லவன்தான் அவன். அவன்கிட்ட எதுக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது, அதான் அவனுக்கு அந்த வேலை கொடுத்து வச்சிருக்காங்க.

அவன்னா சொன்னேன்? சொல்லலாம் சார், என் தம்பிதான். எங்க வீட்டுக்காரரு பேச்சுவார்த்தை ஆரம்பிக்கும்போதே, எதிர்ல உக்காந்திருக்கறது என் மச்சினன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாரு. அப்பவும் இவர மாத்தல, மச்சினன்னா சீக்கிரம் முடியும்னு மேல இருக்கறவங்க கணக்குப் போட்டாங்க போல.

எங்கம்மா போனப்ப அவனுக்கு நடக்கக்கூட வராது. இடுப்புல வச்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போயிருக்கேன். நாளைக்குப் பெட்டி ஏத்த வரட்டுமா அக்கான்னு காலையில போன் பண்ணான். வேண்டாம்னுட்டேன். வந்து நின்னான்னா சாப்பிட்டியாடான்னுதான் சார் கேப்பேன்.