நான்காம் நம்பரில் தட்டிய வரி

நான்காம் நம்பர் கணினியின் மவுஸ் எப்போதும் கொஞ்சம் இழுக்கும், லம்யா. துடைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. மற்ற ஏழு கணினிகளையும் குறை சொல்ல முடியாது. இனி கஃப்ஸாவில் யார் இணையக் கடைக்கு வரப்போகிறார்கள்? எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

நான்காம் நம்பரில் இருந்த இரண்டு கோப்புகள் என்னவென்று கேட்டாய். சொல்கிறேன், உட்கார். என் தங்கை இப்திஸாம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் முடித்துவிடலாம்.

என் கடையில் யாரும் தானாக உலாவியைத் திறந்தது கிடையாது. உனக்கு நினைவிருக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் நான் எழுந்து போய், கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்து ஒரு வரி தட்டுவேன். எந்த உலாவி, எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். இங்கே யார் எதைப் பார்த்தாலும் போலீஸ் என்னைத்தானே கேட்கும்? "மோனியா தொட்டாத்தான் அது கண்ணத் தெறக்கும்" என்று கேலி செய்வார்கள். அந்த வரியில் ஒரு சின்னக் கோடும் 'கே' என்ற எழுத்தும் சேர்த்தால் உலாவி திரை முழுக்க விரிந்துகொள்ளும். மேலே முகவரிக் கட்டம் தெரியாது. பக்கம் எங்கிருந்து வருகிறதென்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப் பக்கத்தை விட்டு வேறெங்கும் போய்விடக்கூடாது என்றுதான் அதைக் கற்றுக்கொண்டேன். நல்ல காரியத்துக்குத்தான் கற்றேன்.

நீயும் இப்திஸாமும் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய வருடம் அது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் சூஸில் மருத்துவம் படிக்க அவளுக்கு மதிப்பெண் இருந்தது. அம்மா பக்கவாதத்தில் விழுந்து அப்போது இரண்டு வருடம். புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும்.

"நான் போயிட்டா அம்மாவ யாருக்கா தூக்குறது?" என்று அவளே ஒருமுறை கேட்டாள்.

"நீ போடி, டாக்டரம்மா. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் குளியலறையில் அம்மா என் கையிலிருந்து வழுக்கிவிட்டார். தூக்க முடியவில்லை. அவரை மடியில் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இப்திஸாம் வரும்வரை. அப்போதுதான் அந்தக் கோடும் எழுத்தும் நினைவுக்கு வந்தன.

கல்லூரி விருப்பங்களை நிரப்பும் அமைச்சகப் பக்கத்தை அப்படியே நான்காம் நம்பரில் சேமித்தேன். அனுப்பும் பொத்தான் வெளியே எங்கும் போகாதபடி மாற்றினேன். அழுத்தினால் 'உங்கள் விருப்பங்கள் பெறப்பட்டன' என்று நான் செய்த இன்னொரு பக்கம் வரும். ஒரு பிற்பகல் வேலை, அவ்வளவுதான்.

அன்று நீ உன் விருப்பங்களை அனுப்பிவிட்டு மூன்றாம் நம்பரில் உட்கார்ந்திருந்தாய். அவள் கையேட்டிலிருந்து ஒவ்வொரு படிப்பின் எண்ணையும் சத்தமாகப் படித்தாள், நீ சரிபார்த்தாய். முதல் விருப்பம் சூஸ், மருத்துவம். அவள் பொத்தானை அழுத்தியதும் நீ குலவை போட்டாய், தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று உனக்கும் ரசீது தரவில்லை, அவளுக்கும் தரவில்லை. மை இருந்தது. நீங்கள் இருவரும் கொண்டைக்கடலை லப்லாபி சாப்பிடப் போன பிறகு, என் மேசையில் உட்கார்ந்து, அவளுடைய அடையாள எண்ணையும் ரகசிய எண்ணையும் போட்டு, இங்கே கஃப்ஸாவில் இருக்கும் வணிகக் கல்லூரியை முதல் விருப்பமாக அனுப்பினேன். அது நிஜப் பக்கம்.

அவளுக்கு வணிகக் கல்லூரி என்று முடிவு வந்ததும் மூவரும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "உன் எண்ணுலேருந்துதாம்மா வந்திருக்கு. படிப்போட நம்பர மாத்திப் போட்டிருப்ப. வருஷா வருஷம் நாலு பிள்ளைங்க இப்படித்தான் வந்து அழுவுது" என்றார். நீ உன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாய். அவர் திரையைத் திருப்பிக் காட்டியதும் உனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, நான் சரியாத்தானே போட்டேன்? நீ பாத்தியா?" என்று வீட்டில் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"களைச்சுப் போயிருந்தடி. கை தவறியிருக்கும்" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் என்னை அறுக்கிறது. இன்றைக்கும் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நோயாளியின் பெயரை மறுபடி மறுபடி கேட்கிறாளாம், டாக்டர்கள் சிரிக்கிறார்கள். எந்தப் படிவத்தையும் அவள் நிரப்புவதில்லை. "என் கை ராசியில்லாத கைக்கா, நீயே போடு" என்று என்னிடம் நீட்டுவாள். நான் நிரப்பிக் கொடுப்பேன். அவள் மூன்றாம் முறை அடுப்பைப் பார்க்க எழும்போது பாவி என்று என்னையே திட்டிக்கொள்வேன். பிறகு இருவருக்கும் டீ போடுவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்கவைத்தோம். அம்மா உடம்பில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அம்மாவுக்காகச் செய்ததுதான் அது. நீ என் இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்பாய்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்கிறாய். இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது கோப்பா? அதே மாதிரிதான். மறு வருடம் படிப்பை மாற்றக் கேட்டு மனுப் போடும் பக்கம் மார்ச்சில் திறந்தது. நீதான் சூஸில் உன் கல்லூரியிலிருந்து போனில் அவளுக்குத் தைரியம் சொன்னாயாம். அவளும் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தாள். இந்த முறை என்னையே தட்டச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், ஒன்றுகூடத் தவறவில்லை. 'உங்கள் மனு பெறப்பட்டது' என்று வந்ததும் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் எதையும் அனுப்பவில்லை. கோடை வரை தினமும் தபாலை எதிர்பார்த்தாள். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

கோப்பின் தேதியைப் பார்க்கிறாய். பார். அம்மாவை அதே வருடம் ஜனவரியிலேயே அடக்கம் செய்துவிட்டோம். நீயும் சூஸிலிருந்து வந்திருந்தாய். மார்ச்சில் எங்கள் வீட்டில் தூக்கிவிட வேண்டியவர் யாரும் இல்லை. நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம்.