பத்து மீட்டர் வெள்ளை

இல்லண்ணே, சலவை ரசீதுல பெட்ஷீட்டுன்னு எழுதாதீங்க. பந்தல் துணியும் இல்ல. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அடி இல்ல, மீட்டர்தான். நாலு பேர் சேர்ந்து ஆபீஸ் வேன்ல தூக்கிப் போட்டாங்க, எறக்குறப்ப உங்க இஸ்திரிக்காரர் கை குடுத்தாரு, இல்லன்னா என் இடுப்பு இன்னேரம் கழண்டு தனியா நின்னிருக்கும். எப்பக் கெடைக்கும், அத மட்டும் சொல்லுங்க. என்னது, நாளன்னைக்கா... நாளைக்குக் காலைல பத்தரைக்கு நம்ம தலைக்கு மேல போகுதுண்ணே. உங்க மெஷினுக்காக அது ரெண்டு நாள் நின்னுட்டுப் போகுமா?

எதுவா? சாட்டிலைட்டு.

ஆமா, இந்த ரோட்டுக் கடைசியில பெரிய கேட்டு, மொட்டை மாடியில வெள்ளைத் தட்ட மல்லாத்தி வெச்ச மாதிரி இருக்குல்ல, அங்கதான். விஞ்ஞானி எல்லாம் இல்ல, ஸ்டோர்கீப்பர். இருபத்திரண்டு வருஷம். ராக்கெட்டு போனா டிவியில அவங்க மூஞ்சி வரும். ஒரு ஸ்க்ரூ வேணும்னா மட்டும் என் ஜன்னல்ல வந்து நிக்கணும். அதுவும் சீட்டு இல்லாம வந்து நிப்பாங்க. "அவசரம்ப்பா, சீட்டு அப்புறம் தரேன்." எந்த அப்புறம்? போன சாட்டிலைட்டோட அப்புறமே இன்னும் வந்தபாடில்ல.

துணி எதுக்கா? கேக்குறீங்க பாருங்க, இதுதான் நல்ல கேள்வி. இப்ப நீங்க புதுசா ஒரு தராசு வாங்குறீங்க. என்ன செய்வீங்க? ஒரு கிலோ படிக்கல்ல வெச்சுப் பாப்பீங்க. அதே கதைதான். மேல போன கேமரா காட்டுற நெறம் நெசமா பொய்யான்னு எப்பிடித் தெரியும்? கீழ ஒரு வெள்ளைய விரிச்சு வெக்கணும். பக்கத்துல ஒரு கறுப்பு. எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்புன்னு முன்னாடியே அளந்து ஃபைல்ல இருக்கு. கேமரா தாண்டிப் போறப்ப படம் எடுக்கும், ஃபைல்ல இருக்குறதும் படத்துல இருக்குறதும் ஒத்துப்போனா சரி. ஐநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குற கேமராவுக்கு இந்தத் துணிதாண்ணே படிக்கல். விரிக்கிறது நான், மடிக்கிறது நான், 'துணி சுத்தம்'னு தாள்ல கையெழுத்துப் போடுறதும் நான்தான்.

அப்படிப்பட்ட துணியில குத்தம்னு சொல்லுதுண்ணே ஒரு பொண்ணு.

கேமரா பொண்ணுன்னு சொல்லுவோம். அந்தக் கேமராவச் செஞ்சதே அதுதான், ஆறு வருஷமா. கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டுச்சு, மூணாவது நாள் வந்துடுச்சு, "லென்ஸ் வந்துருச்சாண்ணே?"ன்னு. நல்ல பொண்ணு, இல்லேங்கல. அந்தக் கட்டடத்துலயே சீட்டு எழுதி எடுத்துட்டு வர்ற ஒரே ஆளு. ஆனா பாருங்க, மூணு மாசம் முன்னாடி சாட்டிலைட்டு போச்சா, மொத ரெண்டு தடவ துணிய விரிச்சப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. கைதட்டல், கேக்கு, எல்லாம் ஆச்சு. அதுக்கப்புறம் மூணு தடவ விரிச்சோம். மூணு தடவயும் வெள்ளைக்குள்ள ஒரு எடத்துல நீலம் கம்மியா இருக்காம். நீலம்! வெள்ளைத் துணியில நீலம் எங்கேர்ந்து வந்துச்சு கம்மியாகுறதுக்கு? வெள்ளைக்குள்ள எல்லா நெறமும் இருக்குமாம்... இருக்கட்டும்.

எங்க டைரக்டர் என்ன சொன்னாரு, கேமரா கண்ணுல புரை விழுந்துருச்சுன்னாரு. இந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு, "கேமரா சரியாத்தான் பாக்குது, கீழதான் ஏதோ இருக்கு"ன்னுச்சு. கீழன்னா யாரு? நான். என் ஜன்னலுக்கு வந்து, ரொம்பத் தன்மையா, "அண்ணே, அந்தத் துணிய ஒரு தடவ விரிச்சுப் பாக்கலாமா"ன்னு கேட்டுச்சு. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க? இருபத்திரண்டு வருஷத்துல என் ஸ்டோர்ல ஒரு நட்டு தொலைஞ்சதில்ல. நானும் பட்டுன்னு சொல்லிட்டேன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்மா, அப்படி இருக்கு நீ சொல்றது"ன்னு.

அது, "நீங்க சுத்தம்னு சொன்னா சரிதாண்ணே"ன்னு போயிருச்சு.

சரி அத விடுங்க. நீங்க பாட்டுக்குக் கட்டப் பிரிங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். எனக்கு இருக்குற தலைவலியில இது பத்தாததுக்கு மக்கள் நாள்னு ஒண்ணு வெச்சாங்க தெரியுமா, ரெண்டு மாசம் முன்னாடி? 'மக்கள் பணத்துல நடக்குது, மக்களுக்குக் காட்டுங்க'ன்னு மேலேர்ந்து கடுதாசி. யார் பொறுப்புன்னு டைரக்டர் கேட்டாரு. அத்தனை விஞ்ஞானிங்களும் அப்படியே குனிஞ்சு அவங்கவங்க செருப்ப ஆராய்ச்சி பண்றாங்க. நான் காப்பி குடுக்க உள்ள போனேன், நிமிர்ந்த தலை என்னுதுதான். மாட்டிக்கிட்டேன்.

முந்நூறு பேர்னு எதிர்பார்த்தோம், ஆயிரம் பேர் வந்தாங்க. கேள்வியா கேட்டாங்க, அது ஒவ்வொண்ணும்... ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் எங்க போறாருன்னு சாட்டிலைட்டுல பாத்துச் சொல்லுவீங்களா"ன்னு கேக்குது. ஒருத்தர் நெலாவுல மனை எப்ப விப்பாங்கன்னு கேக்குறாரு. அதவிட ஒரு மனுசன், மைக்கப் புடுங்கி, "மேல போய்த் தங்குறவங்க துணிய எங்க துவைப்பாங்க"ன்னு கேட்டாரு பாருங்க. உலகமே அண்டம் எப்பிடி உண்டாச்சுன்னு மண்டைய ஒடைச்சுக்குது, இவருக்குத் துவைக்கிற கவலை. யாருதான் அந்த...

ஓ.

நீங்களா.

இல்லண்ணே, நல்ல கேள்விதான். நான் என்ன சொல்ல வந்தேன்னா, எல்லாரும் கேக்குறதையே கேக்காம தொழில் சார்ந்து கேட்டீங்கல்ல, அது... டைரக்டரே அசந்துட்டாரு. பதில் சொன்னாரா இல்லியா? அங்க துவைக்கிறதே இல்லண்ணே. தண்ணி ஏது? அழுக்காகுற வரைக்கும் போடுறது, அப்புறம் குப்பையோட தூக்கிப் போடுறது. ஆக உங்களுக்கு மேல பொழப்பு இல்ல, இங்கயே இருங்க.

நீங்க வந்திருந்தீங்கன்னா சரி. கூட்டத்த நான் சமாளிச்சத நீங்களே பாத்திருப்பீங்க. சான்றிதழ் குடுத்தாங்கண்ணே எனக்கு, 'சிறந்த மக்கள் தொடர்பு'ன்னு. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன். வீட்டுல அவ கேக்குறா, "பெத்த மகனோட ரெண்டு வார்த்தை பேச மாட்டீங்க, உங்களுக்கு மக்கள் தொடர்பா"ன்னு.

ஏன் நிறுத்திட்டீங்க? பிரிங்க. ஆமா, அந்த மடிப்பு அப்படித்தான் இருக்கும், உள்ளுக்குள்ள திருப்பி மடிச்சிருக்கேன். இல்ல, அது... வெளிச்சத்துல புடிக்காதீங்கண்ணே. லேசாத்தான். பழைய காலண்டர் தாள் மாதிரி ஒரு மஞ்சள், அவ்வளவுதானே? கண்ணுக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுதா? நீங்க தொழில்காரர், உங்களுக்குத் தெரியும்.

என்ன பாக்குறீங்க?

...ஆமாண்ணே. மக்கள் நாள் அன்னைக்குப் பிள்ளைங்க உக்காந்த துணிதான். உங்களுக்கு நல்ல ஞாபக சக்தி.

வேற என்ன செய்யச் சொல்றீங்க? நாற்காலி பத்தல. முந்தின நாள் மழை, புல்லெல்லாம் ஈரம். எழுபது பிள்ளைங்க, பெரிய திரையில ராக்கெட் போன படத்தப் பாக்க நின்னுக்கிட்டே இருக்குதுங்க, கால் வலிக்குதுன்னு ஒண்ணு அழுது. ஸ்டோர்ல இது சும்மா மடிச்சுக் கெடக்கு. கறுப்பத்தான் மொதல்ல எடுத்தேன், வெயில்ல சுட்டுச்சு. அதனால வெள்ளை. விரிச்சவுடனே அதுங்க ஓடி வந்து உக்காந்துச்சு பாருங்க, வரிசையா, செருப்பக் கழட்டிட்டு... நான் கழட்டச் சொல்லவே இல்ல. அந்த ஒரு நிமிஷத்துக்கே எனக்குச் சான்றிதழ் குடுக்கலாம்ணே.

அப்புறம்தான் அந்தப் பெரியப்பா. யார் வீட்டுப் பெரியப்பாவோ. பிள்ளைங்கள செல்ஃபி எடுக்குறேன்னு பின்னாடியே நகர்ந்து நகர்ந்து போயி, காப்பி டிரம்முல ஒரு இடி. இருபது லிட்டர். பிள்ளைங்க மேல படல, அது புண்ணியம். துணியில மூலையாப் பாத்து ரெண்டு மீட்டருக்கு ஓடிருச்சு.

மறுநாள் ஸ்டோர் பின்னால ஓஸ் பைப்பு புடிச்சு, ரெண்டு பாக்கெட்டு பவுடர் போட்டுத் தேய்ச்சேன். சோப்பு போடக்கூடாதுன்னு ஓரத்துலயே தைச்சிருக்கு, இருந்தாலும் தேய்ச்சேன். போயிருச்சுன்னு நெனச்சேன். கறை இருந்த மூலைய உள்ள வெச்சு மடிச்சேன். அடுத்த தடவ விரிக்கிறப்ப வெயில் கண்ணக் கூசுச்சு, ஒண்ணும் தெரியல, 'துணி சுத்தம்'னு கையெழுத்துப் போட்டேன். மூணு தடவ போட்டேன்.

அதாண்ணே. என் கண்ணுக்குப் பக்கத்துல தெரியாதது, ஐநூறு கிலோமீட்டர் மேலேர்ந்து அந்தக் கேமராவுக்குத் தெரிஞ்சிருக்கு. காப்பிக் கறை நீலத்தத்தான் முழுங்குமாம், நெட்டுல தேடிப் பாத்தேன். எப்பேர்ப்பட்ட கேமரா செஞ்சிருக்கு அந்தப் பொண்ணு.

கூடம் நெசமாவே கோணல்ணே. கோணலாக்குனவன் நானு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்கே தெரியும். அதனாலதான் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்திருக்கேன். நாளைக்கு வெளியேர்ந்து கமிட்டி வருது, விரிக்கிறத நேர்ல பாக்கப் போறாங்களாம். இன்னைக்கு நீங்க பளிச்சுன்னு வெளுத்துக் குடுத்தீங்கன்னா, நாளைக்குப் படம் சரியா வரும். நீலம் வந்துடும். பொண்ணுக்கும் நல்ல பேரு, எனக்கும் மானம் மிச்சம். யாருக்கும் நட்டமில்ல.

என்ன?

மூணு தடவ தப்பா வந்தது என்னாகும்னா... அது... நாளைக்குச் சரியா வந்துட்டா அது மறந்து போயிடும்.

மறக்க மாட்டாங்களோ?

இருங்க, யோசிக்கிறேன். நேத்து டைரக்டர் ஒண்ணு சொன்னாரு, நான் அப்ப ரூம்ல ட்யூப்லைட் மாத்திக்கிட்டு இருந்தேன். "எப்பவும் ஒரே மாதிரி தப்பாக் காட்டுற கேமராவ வெச்சு வேலை பாத்துரலாம், கழிச்சுக் கணக்குப் போட்டுக்கலாம். ஒரு நாள் சரியாவும் ஒரு நாள் தப்பாவும் காட்டுறத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. நான் வேற துணிய ஒவ்வொரு தடவயும் எப்பிடி வாட்டமோ அப்பிடி விரிச்சிருக்கேன், கறை ஒரு தடவ வடக்கு மூலை, ஒரு தடவ தெக்கு மூலை. அதுக்கே "நெலையில்லாத கேமரா"ங்குறாங்க. நாளைக்குத் திடீர்னு சுத்தமாத் தெரிஞ்சா...

அப்ப வெளுத்தா அந்தப் பொண்ணு கதை முடிஞ்சுதுன்றீங்க.

இன்னைக்கு நாலு மணிக்கு மீட்டிங்குண்ணே. அடுத்த சாட்டிலைட்டு கேமரா வேலையிலேர்ந்து அந்தப் பொண்ண எடுத்துட்டு, ஃபைல் பாக்குற செக்‌ஷனுக்கு மாத்தப் போறாங்க. காலைல என் ஜன்னல் வழியாத்தான் போச்சு. சீட்டு எழுதி, ரெண்டு அட்டைப்பெட்டி கேட்டுச்சு. மேசையக் காலி பண்ணவாம். துணியப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மீட்டிங்குலயும் பேசாது. ஏன்னா நான் சுத்தம்னு சொல்லிட்டேன்ல. நான் சொன்னத நம்பிருச்சுண்ணே அது. அந்தக் கட்டடத்துல என் பேச்ச நம்புற ஆளே அது ஒண்ணுதான்.

மணி என்ன? மூணே காலா?

மெஷினப் போடாதீங்க. வேணாம்ணே, தண்ணியே காட்டாதீங்க. ரசீதக் கிழிச்சுருங்க. சான்றிதழ் போனாப் போவுது, ஆணி இருக்கு, காலண்டர் மாட்டிக்கலாம். உங்க இஸ்திரிக்காரரக் கூப்பிடுங்க, வேன்ல ஏத்தணும். நீங்களும் ஒரு கை குடுங்க, மீட்டிங் ரூம் மொத மாடி, லிப்ட்டுல இது நுழையாது. வாங்கண்ணே, இந்தத் தடவ கேள்வி நீங்க கேக்க வேணாம், என்னைத்தான் கேப்பாங்க.

இருங்க இருங்க, அப்படி மடிக்காதீங்க. இந்த மூலை வெளிய வரட்டும். கறை நல்லாத் தெரியுற மாதிரி மடிங்க.