பேரிகைச் சாலைப் பல்கலைக்கழகமும் சென்னம்மா அக்காவின் வெற்றிலையும்

நடந்தவை அனைத்தையும் நடக்கும் முன்பே நவின்றவன் நான். வளாகம் வரும் என்றேன், வந்தது. வந்தது மூடும் என்றேன், மூடியது. மூடிய வளாகத்துக்காக ஒருநாள் ஊரே கூடும் என்றேன், இதோ கூடியிருக்கிறீர்கள். இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவெடுத்து வந்தேன்.

குன்றிலிட்ட விளக்காய்க் கொலுவிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடப்பன் அவர்களே, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கனிவோடு அமர்ந்திருக்கும் கம்பெனி மேனேஜர் அவர்களே, முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோரே, தக்காளிக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே, முதல் ஷிப்டு முடிந்து சீருடையோடு நிற்கும் செல்வங்களே, அனைவர்க்கும் இந்த ராமப்பனின் வணக்கம்.

தலைவர் இன்று தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றே. பல்கலைக்கழகம் பூட்டிவிட்டு ஊருக்கே திருப்பிக் கொடுத்த வளாகம், கம்பெனிக்குக் குடோன் ஆவதா, நம் பெண்களுக்கு மேல்நிலைப்பள்ளி ஆவதா? தீர்ப்புக்கு முன் வரலாறு வேண்டும். வரலாறு என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பையே மூன்று முறை படித்த ஆழம் இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கு உண்டு?

எழுபத்து நான்காம் ஆண்டு. பட்டணத்திலிருந்து பல்கலைக்கழக அதிகாரிகள் பதினேழு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். என்ன கிருஷ்ணப்பா, இரண்டு ஜீப்பா? சரி, இரண்டு. தூசி பதினேழு ஜீப்புக்கு எழுந்தது. கட்டடம் எழுந்தது, கரும்பலகை எழுந்தது, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தன. நாளந்தா என்ன, தட்சசீலம் என்ன, நம் பேரிகைச் சாலைக்கு முன்னால்?

அப்புறம் வந்தார் கோவிந்தப்பன். கம்பெனி பஸ்ஸையும் ஓட்டுவார், கல்லூரி பஸ்ஸையும் ஓட்டுவார். மாணவர்க்கும் நீலச் சட்டை, தொழிலாளர்க்கும் நீலச் சட்டை. ஒருநாள் காலையில் மாணவர்களைக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் இறக்கினார், தொழிலாளர்களை வகுப்பு வாசலில் இறக்கினார். மூன்று மொழியிலும் திட்டு வாங்கிய மகான் சொன்ன பதில்: "ரெண்டும் நீலந்தானே, நான் என்னாத்தக் கண்டேன்? எறங்குனவனுங்க சொல்லியிருக்கணும்."

இறங்கியவர்கள் ஏன் சொல்லவில்லை? வகுப்பில் ஒரு பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் பேசும்போது பாதியில் எழுந்து போவது நம் பக்கத்து வழக்கமா? மணி அடிக்கும்வரை அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். ருசி பிடித்துப்போய், அடுத்த சனிக்கிழமை அவர்களே வந்தார்கள். ஷிப்டு மாறும் நாளெல்லாம் பெஞ்சு கொள்ளாத கூட்டம்.

கம்பெனி வாசலில் இறங்கிய மாணவர்கள்? அவர்களை மெஷினில் நிறுத்திப் பார்த்தார்கள், கை நன்றாக ஓடியது, பாதிப் பேர் திரும்பவே இல்லை. அதற்கடுத்த ஆண்டு இன்னும் பாதி. பட்டம் வாங்கும் முன்பே சம்பளம் வாங்கினான் நம் பிள்ளை. தப்பு என்பேனா? என் மருமகனே அதில் ஒருவன். ஆனால் சேர்க்கை குறைந்தது, பல்கலைக்கழகம் பூட்டியது. பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்த தொழிலாளியை அவர்கள் மாணவன் என்று எண்ணவில்லை.

ஆகவே அந்த வளாகத்தின் பிள்ளைகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது சுவர். மேனேஜர் ஐயா, அந்தச் சுவரையாவது விட்டுவைக்கக் கூடாதா?

நசீருதீன் பாய், எழுந்திருக்காதீர்கள், உங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இவர் மகள் அதியா பத்தாவது தேறிவிட்டாள். மேலே படிக்க ஓசூர் போக வேண்டும். நேற்று என்னிடம் என்ன சொன்னீர்கள் பாய்? "மாமு, அந்த பஸ்ஸுல ஆம்பளைங்களே தொங்கிக்கினு போறாங்க. எம்புள்ளய எங்க ஏத்தறது? ஊட்லயே இருக்கட்டும்." இது ஒரு வீட்டுப் பேச்சா? ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அதியா உண்டு. குடோன் வந்தால் சரக்கு உள்ளே போகும். சரக்கு உள்ளே போனால் நம் பெண்கள் எங்கே போவார்கள்?

இப்போது முத்தாய்ப்பு. அந்த நிலம் யார் கொடுத்தது? இதோ, இரண்டாம் வரிசையில் வெற்றிலைத் தட்டோடு அமர்ந்திருக்கும் சென்னம்மா அக்கா. அன்று அதிகாரி கையில் வெற்றிலை வைத்து அக்கா முழங்கினார்: "பாடம் நடக்கிற வரைக்கும் இந்த மண்ணு உங்களுது. பாடம் தவிர வேற எதுக்கும் இத தொடக் கூடாது." தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

என்ன தலைவரே? மைக்கில் வரட்டும். "ராமப்பா, வெத்தல மேல கைய வச்சு சொல்லு. அதத்தான் சொன்னாங்கன்னா இப்பவே பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்து" என்கிறார்.

அவையோரே, ஜீப்பை நான் பதினேழாக்குவேன். வெற்றிலை மேல் மட்டும் கை வைக்க மாட்டேன். நம் ஊரில் வெற்றிலை வைத்துச் சொன்ன சொல்லைச் செத்தாலும் மாற்ற முடியாது. அந்த நிபந்தனை நான் இட்டுக்கட்டியது. அன்று அக்கா சொன்னது இவ்வளவுதான்: "வேலிய நல்லா போடுங்க, ஆடு பூந்துரும்."

சிரியுங்கள், பரவாயில்லை. அக்கா எழுந்து வருகிறார். வழி விடுங்கள். அடிக்கப் போகிறாயா அக்கா?

"தள்ளிப் போடா" என்கிறார். தலைவர் கையில் வெற்றிலையை வைக்கிறார். "அன்னிக்கு எனக்குத் தோணல வெங்கடப்பா. இன்னிக்கு சொல்றேன். பொண்ணுங்க படிக்கட்டும்."

தலைவர் வெற்றிலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடம் உறுதி. இதற்கு மேல் என் பேச்சுக்கு இங்கே வேலை இல்லை. நான் கட்டிய சொல்லைத் தன் சொல்லாக்கிய அக்காவுக்கும், அதைக் கண்ணால் கண்ட உங்களுக்கும் நன்றி. அனைவரும் வாழ்க, வணக்கம்.