என் மனைவியின் வாய் வாடை

காலையில் எழுந்ததும் யார் வாயும் மணக்காது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்கத்தில் எச்சில் குறைகிறது, வாய் காய்கிறது, கிருமிகள் தம் வேலையைப் பார்க்கின்றன. பல்லைத் துலக்கி நாக்கை வழித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மவுத்வாஷ் அதற்கு மேல் ஒரு துணை, அவ்வளவுதான். பல் மருத்துவன் என்ற முறையில் என்னிடம் வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். என் மனைவிக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னேன். அவளுடைய வக்கீல் நீங்கள், காரணம் கேட்கிறீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஃபிரேமை மாட்டி, காதோரம் சரிசெய்து, "இப்ப கண்ணாடில பாருங்க சார், மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்பாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கூட வாங்கிக்கொண்டு போவார். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "கண்ணாடிக் கடை அக்கா வீட்டுக்காரர்தானே நீங்க?" என்பார்கள். படித்துப் பட்டம் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவன் நான். வயிறு எரிந்தது. என் நாற்காலியில் சாய்கிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள், ஆனால் பேச மாட்டார்கள். வீடும் அப்படி இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வாய் கொஞ்சம் வாடை அடிக்குது. ரொம்ப நாளாவே."

அவள் முகம் சுண்டிப்போனது. பல் மருத்துவன் சொன்னால் நம்பாமல் இருப்பாளா? இருப்பதிலேயே காரமான, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் கலக்காதே, எதைச் சாப்பிட்டாலும் உடனே கொப்பளி என்றேன். அந்த ரகம் வாயை உலர்த்தும், உலர்ந்த வாய் நாறத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். சொன்னது மெல்ல உண்மையாகிவிட்டால் அது பொய்க் கணக்கில் வராதே.

முதலில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாள். பிறகு கை நீட்டும் தூரத்தில் நின்று ஃபிரேம் மாட்டினாள். இவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். முதலாளி அவளைப் பின்னறையில் கண்ணாடி துடைக்க வைத்தார். கடைசியில் அவளே வேலையை விட்டாள். மகளுக்கு முத்தம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். வாசற்படியில் நின்றபடிதான் அவளுக்குக் கதை சொல்வாள். சில நாளில் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "உனக்கு இல்லடா கண்ணு, அம்மாவுக்குத்தான்" என்று எடுத்துச் சொன்னேன்.

மனைவி அவ்வப்போது என் அருகில் வந்து, "இப்ப பரவாயில்லையா?" என்று வாயைத் திறந்து காட்டுவாள். நான் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்து, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பேன்.

போன மாதம் ஒரு மதியம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே திடுக்கிட்டாள். ஓடிப்போய் கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள்.

"வீடே நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"படிச்சிட்டிருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய், கைக்குட்டையில் எதையோ மடித்துக்கொண்டு வந்து என் மூக்கருகே நீட்டினாள்.

"இது என்ன வாசனை?"

"உன் பவுடர்" என்றேன்.

மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயே, அது பூண்டுப்பா."

மறைக்கவில்லை என்றேன் அல்லவா, இதையும் சொல்கிறேன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. அவளிடம் வாடை என்று முதன்முதலில் சொன்னதற்கும் முன்பிருந்தே அப்படித்தான். அவள் வாய் அன்று மணத்ததா, நாறியதா என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

அவள் கத்தவில்லை. வாயிலிருந்து கையை எடுத்தாள். "எத்தனை தடவ உங்க முன்னாடி வாயைத் திறந்து காட்டியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மறுபடி சிரிக்கிறாளாம். பழைய கடையில் வேலைக்கும் கேட்டிருக்கிறாளாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் கட்டியவன் இல்லையா, விட்டுவிட முடியுமா? நேற்று அவள் அண்ணனுக்குப் போன் செய்து, அவளோடு பேசும்போது கொஞ்சம் தள்ளி உட்காரும்படி பக்குவமாகச் சொன்னேன். அவள் காதுக்கு இது போக வேண்டாம், மனசு நொந்துபோவாள் என்றும் கேட்டுக்கொண்டேன்.