சும்மா தட்டின் தலைவிக்கு

“புற்றுக்கட்டியின் கதை இன்றோடு முடிந்தது” என்று, சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, தேநீர்க் கோப்பையைச் சாட்சியாக உயர்த்திப் பிடித்து, எங்கள் துறைத்தலைவர் அவர்கள் உலகத்துக்கு அறிவித்தார். உலகம் அப்போது செல் வளர்ப்பு அறையின் வாசலில் ஏழு பேராக நின்றிருந்தது. ஏழு பேரும் கைதட்டினோம். உள்ளேயிருந்து எட்டாவதாக ஒரு குரல் மட்டும், “சும்மா தட்டு எங்க சார்?” என்றது.

அந்தக் குரலுக்கு உரியவரே! முப்பத்தோர் ஆண்டுகள் முகக்கவசத்துக்குப் பின்னிருந்தே முறைத்து எங்களை முறைப்படுத்திய முதுநிலைத் தொழில்நுட்பரே! இன்குபேட்டர் கதவை எவர் அரை விநாடி அதிகம் திறந்து வைத்தாலும் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்தே அறிந்துகொள்ளும் அதிசயமே! அனைவருக்கும் அக்காவே! இன்றோடு பணி நிறைவு பெறும் உங்களைப் பாராட்டத் தகுந்த சொற்களைத் தேடித் திரிந்தோம்; கிடைத்தவை எல்லாம் வேறு யாருக்கோ தைத்த சட்டைபோல் இருந்தன. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமையையே உங்களுக்கு அணிவிக்கிறோம். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு பொறுத்தருள்வார் என்று நம்புகிறோம். பொறுக்காவிட்டால் கதவு இடப்புறம் இருக்கிறது.

அவையில் உள்ள குடும்பத்தாருக்காகச் சுருக்கமாக: நம் ஆய்வகத்துப் புற்று செல்கள் பொல்லாதவை. கீமோ மருந்தை உள்ளே விட்டால், வாளியால் இறைப்பதுபோல் வெளியே இறைத்துவிடும். அப்படி இறைக்கும் பம்பைச் செய்யச் சொல்லி ஒரு மரபணு ஓயாமல் உத்தரவிடுகிறது. சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்றைக் கொழுப்பு உறையில் பொதிந்து உள்ளே அனுப்பினால், அந்த உத்தரவு கிழிந்துபோகும், பம்பு குறையும், மருந்து உள்ளேயே தங்கும், குறைந்த மருந்திலேயே கட்டி அடங்கும், நோயாளி படும் பாடும் குறையும். இதுதான் எங்கள் ஆசை.

இந்த ஆசைக்கு நடுவே நந்திபோல் நின்றது உங்கள் சும்மா தட்டு. அதே செல், அதே கொழுப்பு, அதே மருந்து; துணுக்கு மட்டும் எந்த மரபணுவையும் தொடாத வெற்றுத் துணுக்கு. இன்னின்ன தட்டு என்று தெரிந்தால் எண்ணுகிறவர் கண் ஏமாற்றும் என்று, எல்லாத் தட்டுகளின் பெயர்மேலும் காகிதம் ஒட்டி, நான்கு மூலைகளையும் நகத்தால் அழுத்துவீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் துறைத்தலைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். “ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு தட்டு, அதுக்கு ஒரு முக்காடு! ஏம்மா, கல்யாணம் ஏதாவது பண்ணி வைக்கப் போறீங்களா?” என்பார். நீங்கள் நான்காவது மூலையை அழுத்துவீர்கள்.

அந்த வாரம், பல ஆண்டுகளாகக் கைபடாத ஆராய்ச்சி மேசையில் தாமே கைபட வேலை செய்யப்போவதாக அவர் அமர்ந்தார். வைத்தது இரண்டு தட்டு. சும்மா தட்டு கூடாதென்பது கட்டளை. மூன்றாம் நாள் பார்த்தால் செல்கள் கூண்டோடு காலி. பிறந்தது மேற்படி பிரகடனம். உங்கள் கேள்விக்கு அவர், “புத்தே போயிடுச்சு, இன்னும் சும்மா தட்டா? விடுங்கம்மா!” என்றார்.

“நான் ஒண்ணு வெச்சிருக்கேன் சார். இன்குபேட்டர்ல, கீழ் அடுக்குல, பின்னாடி. நீங்க எவ்வளவு கொழுப்பு ஊத்தினீங்களோ அதே அளவு ஊத்தினேன்.”

“சரி, ஆசைக்குக் குடுங்க. எண்ணித் தொலைக்கிறேன்.”

மூன்று தட்டுகளும் முக்காட்டோடு வந்தன. மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து, கையில் எண்ணும் கருவியைச் சொடுக்கிச் சொடுக்கி அவர் எண்ணினார். “முதல் தட்டு காலி! ரெண்டாவதும் காலி! மூணாவதும்… மூணுமே காலி!” என்று முழங்கினார். முழங்கிய வாய் மூடவில்லை. சத்தம் மட்டும் நின்றுபோனது. மூன்றில் ஒன்று சும்மா தட்டு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெற்றுத் துணுக்கு போட்ட தட்டிலும் செல்கள் செத்திருக்கின்றன என்றால், கொன்றது எங்கள் துணுக்கு அல்ல; பம்பு குறையாத செல்லில் மருந்து தங்காது, ஆகவே மருந்தும் அல்ல.

“கொழுப்புதான் சார் கொன்னிருக்கு” என்றீர்கள். “ரெண்டு மடங்கு ஊத்துறீங்கன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க.”

எந்தக் கொழுப்பு என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை.

அவையோரே, சிரிப்பு இங்கே சற்று நிற்கட்டும். அடுத்த வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து அறுவை மருத்துவர் வருவதாக இருந்தது. இருபத்திரண்டு நோயாளிகள் அறுவை மேசையில் படுத்துக் கொடுத்த கட்டித் துணுக்குகள் அவருடைய ஃப்ரீசரில் காத்திருந்தன. எங்கள் முடிவை நம்பி அவற்றை உருக்கினால் உருக்கியதுதான். இன்னொரு துணுக்கு கொடுங்கள் என்று அவர்களிடம் போய் நிற்க முடியாது. சிலர் இப்போது இல்லை.

துறைத்தலைவர் தட்டுகளின் காகிதத்தை உரித்துப் பெயர்களைச் சரிபார்த்தார். பிறகு, “இதை நோட்டுல எழுதிட்டீங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“இல்ல சார். எண்ணினது நீங்க. எழுத வேண்டியதும் நீங்கதான்.”

பேனா மூடியைத் திறக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம். எழுதினார்; மூன்று எண்களையும், கீழே தம் கையொப்பத்தையும். வியாழக்கிழமை மருத்துவரிடம், “செத்தது கொழுப்பால. தப்பு என்னுது” என்று உட்காருவதற்கு முன்பே சொன்னார். மருத்துவர், “அப்பாடா, நல்லவேளை ஃப்ரீசரைத் திறக்கலை” என்று மட்டும் சொல்லித் தேநீர் கேட்டார்.

அந்தத் துணிச்சலுக்காக அவரையும் வணங்குகிறோம். ஒரு வரிதான், இன்று அவர் விழா அல்ல.

ஐந்து வாரம் கழித்து, கொழுப்பை உரிய அளவுக்குக் குறைத்து மறுபடி வைத்தீர்கள். சும்மா தட்டில் செல்கள் சுகமாக இருந்தன. மரபணு வாயடைத்த தட்டில், வழக்கமான மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்கே நூற்றுக்கு அறுபத்திரண்டு மடிந்தன. கதை முடியவில்லைதான். ஆனால் அந்த அறுபத்திரண்டை எவர் வந்து அசைத்தாலும் அசையாது. நான்கு முறை திரும்ப வைத்தும் அது அங்கேயே நின்றது, உங்களைப்போல. நாளைக் காலை நோயாளி ஒருவரின் கட்டித் துணுக்கு முதன்முறையாக நம் அறைக்கு வருகிறது.

அக்கா! புதிய சோப்பு வாங்கினாலும் ஒரு சட்டையைப் பழைய சோப்பில் துவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் புலம்பியிருக்கிறார். அவருக்கு எங்கள் அனுதாபங்கள். இனி முழுநேரமும் அவர்தான் சோதனைத் தட்டு. நிறைந்த நலமும் நீண்ட ஆயுளும் நோயறியா நாள்களும் நீங்கள் பெற்று வாழ்க! உங்களுக்கு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு வைக்க வழியில்லை, இணை இல்லை.

மடல் நேற்றே இங்கு முடிந்துவிட்டது. இன்று காலை ஒலிபெருக்கி கட்டும்போது துறைத்தலைவரைக் காணவில்லை என்று தேடினோம். செல் வளர்ப்பு அறையில், கையுறையும் முகக்கவசமுமாக, அலைபேசியை வெளியே நாற்காலியில் விட்டுவிட்டு, தனியாக இருந்தார். நாளைய வேலைக்கு ஐந்து தட்டுகளுக்குப் பெயர் எழுதி அடுக்கியிருந்தார். ஆறாவது ஒன்றில் ‘சும்மா’ என்று எழுதி, ஆறின் மேலும் காகிதம் ஒட்டி, மூலை மூலையாக நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், “யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா” என்றார். சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

அவர் நான்காவது மூலையை அழுத்தினார்.

என்றும் உங்கள் அன்பில்,
செல் வளர்ப்பு அறையினர் எழுவரும், துறைத்தலைவரும்