கடல் கொந்தளித்தால் பூட்டும் வங்கி

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில், காலை டிராமில், என் முன் இருக்கையில் இரண்டு ஈழத் தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கடல் கொந்தளிச்சா என்ர தங்கச்சியின்ர பேங்க் பூட்டு,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா, விசர்க்கதை?”

“நான் அவளின்ர போனுக்குக் காசு அனுப்புறன். அவள் போனைக் காட்டி ஊர் மீன்கடையில காசா எடுக்கிறாள், அந்தக் கடைக்காரன்தான் அங்க ஏஜென்ட். மீன் வராட்டிக் கடை பூட்டு.”

“அப்ப காசும் மீன் மணக்குமே!”

“மணக்கட்டும். முந்தி அவளுக்குக் கணக்கில்லை, அவளின்ர புருசன்ர தமையன்ர கணக்குக்குத்தான் அனுப்புவன். புருசன் செத்தவள், பிள்ளையளின்ர பள்ளிக்கூடக் கொப்பிக்கும் அவரிட்டக் கெஞ்சவேணும்.”

“இப்ப?”

“நேற்றுத் தன்ர கையால எடுத்தவள். ‘அக்கா, இந்த மாதம் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை’ எண்டு அழுதவள்.”

இளையவர் சிரிப்பை நிறுத்தினார்.

“கடவுளே, அந்த மீன்காரனுக்குக் கடல் நல்லா இருக்கோணும்.”